பைபோலார் உள்ள பிள்ளைக்குப் பள்ளியில் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

மருத்துவர் பைபோலார் (மனநிலை சில காலம் மிக மேலேயும் சில காலம் மிகக் கீழேயும் போகும் மனநோய்) என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்த பிறகு, பெரும்பாலான பெற்றோர் பள்ளி விஷயத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் வாயே திறப்பதில்லை. சிலர் பதறிப்போய் முதல்வர் அறையில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, "கொஞ்சம் பாத்துக்கோங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். இரண்டாலும் பிள்ளைக்குப் பயனில்லை. முதல் பீரியடில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளையை எழுப்புவதா விடுவதா என்று நிற்கும் கணக்கு மிஸ்ஸுக்கு, "பாத்துக்கோங்க" என்ற சொல்லில் எந்த விடையும் இல்லை.

இந்த நோயில் இன்னொரு சிக்கலும் உண்டு. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்கு ஜூனில் தேவைப்படுவதுதான் மார்ச்சிலும் தேவைப்படும். பைபோலாரில் அப்படியில்லை. ஜூலையில் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளை அக்டோபரில் ஒரு பத்தி எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கும். அதே பிள்ளை ஜனவரியில் மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு வந்து ஆசிரியருக்கே பாடம் எடுக்கும். ஒரே சலுகைப் பட்டியலை ஆண்டு முழுக்க மாட்டி வைத்தால், நல்ல மாதங்களில் "எதுக்கு இவனுக்கு மட்டும்?" என்ற கேள்வி வரும்; மோசமான மாதத்தில் அந்தப் பட்டியல் போதாது. எனவே கேட்க வேண்டியது நிலைக்கு ஏற்ப மாறுகிற ஒரு திட்டம். அது ஒரு பக்கத்துக்குள் எழுத்தில் இருக்க வேண்டும். யார், எதைப் பார்த்து, எப்போது மாற்றுவது என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். பைபோலார் பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோதான் வெளிப்படும். ஏழு வயதுப் பிள்ளையின் அடங்காத கோபத்துக்கு இந்தப் பெயர் சூட்டப்பட்டிருந்தால், பள்ளிக்குப் போவதற்கு முன் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்துக் கேளுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கான மனநலப் பிரிவு உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் பார்க்கலாம்.

மருத்துவரிடம் வாங்க வேண்டிய கடிதம்

மருந்துச் சீட்டின் நகல் பள்ளிக்குப் பயன்படாது. அதைக் கொடுத்தால் நாலு பேர் மருந்தின் பெயரைக் கூகுளில் தேடிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். "இவர் பைபோலார் நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார், ஆவன செய்யவும்" என்ற இரண்டு வரிக் கடிதமும் உதவாது. ஆவன எவை என்பது பள்ளிக்குத் தெரியாது.

கூட்டமான ஓ.பி.யில் மருத்துவருக்கு உட்கார்ந்து யோசித்து எழுத நேரம் இருக்காது. வேண்டியதை நீங்களே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், "இதில் எது சரியோ அதைக் கடிதமாகத் தர முடியுமா சார்?" என்று கேளுங்கள். கடிதத்தில் இருக்க வேண்டியவை:

பிள்ளை எவ்வளவு காலமாகச் சிகிச்சையில் இருக்கிறது, அடுத்து எப்போது பார்க்க வேண்டும்.

பள்ளி வேலையில் எது கஷ்டம். இதுதான் கடிதத்தின் உயிர். "கவனக்குறைவு" என்று பொதுவாக எழுதாமல், "தொடர்ச்சியாக இருபது நிமிடத்துக்கு மேல் எழுதினால் வேகம் குறைகிறது", "வாயால் சொல்லும் மூன்று நான்கு கட்டளைகளை நினைவில் வைத்துச் செய்ய முடிவதில்லை, பலகையில் எழுதினால் முடிகிறது" என்று பள்ளியில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். மனநிலை சீராக இருக்கும் மாதங்களிலும் பலருக்குக் கவனம், நினைவில் வைத்துக் கையாளும் திறன், வேலை வேகம் மூன்றும் சற்றுக் குறைவாகவே இருக்கும். இதை மருத்துவர் வாயிலாகப் பள்ளி கேட்டால்தான் "நல்லாத்தானே இருக்கான், சோம்பேறித்தனம்" என்ற பேச்சு குறையும்.

மருந்தால் வரும் தொந்தரவுகள்: காலைத் தூக்கம், தாகம், அடிக்கடி சிறுநீர், கை நடுக்கம், எடை கூடுதல்.

பரிந்துரைக்கும் மாற்றங்கள். ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். இருபது கேட்டால் பள்ளி தனக்கு வசதியான இரண்டைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடும்.

எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வீட்டுக்குத் தகவல் தர வேண்டும்.

நோயின் பெயரை இந்தக் கடிதத்தில் போடத்தான் வேண்டுமா? வகுப்பறை மாற்றங்களுக்கு மட்டும் என்றால் "நீண்டகால மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறார்" என்பதே பல பள்ளிகளில் போதும். பொதுத்தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கும்போது பெயர் இல்லாமல் நடக்காது. இரண்டுக்கும் இரண்டு கடிதமாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

யாரிடம், எவ்வளவு

பள்ளியில் முழு விவரம் தெரிய வேண்டியவர்கள் அதிகம் போனால் மூன்று பேர்: தலைமையாசிரியர் அல்லது முதல்வர், வகுப்பாசிரியர், ஆலோசகர் இருந்தால் அவர். இவர்களில் ஒருவரைப் பொறுப்பாளராகக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்குப் பிடித்தவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிடிக்காதவரிடம் போய் "எனக்கு ஒரு மாதிரி இருக்கு மிஸ்" என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது.

பாட ஆசிரியர்களுக்குச் செய்ய வேண்டியது மட்டும் தெரிந்தால் போதும்: தண்ணீர் குடிக்க விடவும், வெளியே போகக் கேட்டால் அனுப்பவும், வீட்டுப்பாடத்தில் பாதி போதும். உடற்கல்வி ஆசிரியருக்கு மருந்தும் வெயிலும் பற்றித் தெரிய வேண்டும். முதலுதவி அறையில் இருப்பவருக்கு எந்த வலி மாத்திரை கூடாது என்று தெரிய வேண்டும். வேன் ஓட்டுநருக்கும் ஆயாம்மாவுக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. தகவல் கசிவது பெரும்பாலும் ஆசிரியர் அறையிலிருந்து. அங்கிருந்து வேனுக்கும், வேனிலிருந்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் ஒரே நாளில் போய்விடும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. ஆனால் அந்தப் பிரிவு முதன்மையாகச் சிகிச்சை தருபவர்களைக் கட்டுப்படுத்துவது. அதை நம்பி ஆசிரியர் அறைப் பேச்சை விட்டுவிட முடியாது. எனவே கடிதத்திலேயே "இந்தத் தகவலை மேற்கண்ட மூவருக்கு அப்பால் பகிர வேண்டாம்" என்று எழுதுங்கள்.

பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையாக இருந்தால், யாரிடம் சொல்வது என்பதை அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். நண்பர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பதையும் முன்பே ஒத்திகை பார்க்கலாம். "உடம்பு சரியில்ல, மருந்து சாப்பிடுறேன்" என்பது பொய்யும் இல்லை, போதுமான பதிலும்கூட.

கொடுக்க வேண்டிய கடிதம்

ஜூனில் பள்ளி திறந்து இரண்டாவது வாரம் நல்ல நேரம். முதல் வாரத்தில் சேர்க்கை, புத்தகம், சீருடை என்று அலுவலகம் திணறிக்கொண்டிருக்கும். பெற்றோர்-ஆசிரியர் கூட்ட நாளில், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். தனியாக இருபது நிமிடம் கேட்டு வாங்குங்கள்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கும் என் மகள் நீண்டகால மருத்துவச் சிகிச்சையில் இருக்கிறாள். மருத்துவரின் கடிதம் இணைத்துள்ளேன். அவர் பரிந்துரைத்தபடி கீழ்க்கண்டவற்றை இந்தக் கல்வியாண்டில் அனுமதிக்க வேண்டுகிறேன். ஒன்று, தண்ணீர் பாட்டில் மேசையில் வைத்துக்கொள்ளவும், கேட்டவுடன் கழிப்பறை செல்லவும் அனுமதி. இரண்டு, இரவு மருந்தின் காரணமாகத் தாமதமாகும் நாட்களில் இரண்டாம் பீரியடில் சேர அனுமதியும், அதை அரைநாள் விடுப்பாகப் பதியாமல் இருப்பதும். மூன்று, மனம் கலங்கும்போது பத்து நிமிடம் சென்று அமர ஓர் இடம். நான்கு, வகுப்புத் தேர்வுகளில் கூடுதல் நேரம். ஐந்து, இணைத்துள்ள திட்டத்தில் சொன்ன அறிகுறிகள் தெரிந்தால் அன்றே எனக்குத் தகவல். ஆறு வாரம் கழித்து இவை எப்படி நடக்கின்றன என்று தங்களோடு அமர்ந்து பேச விரும்புகிறேன்."

இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி, ஒப்புக்கொண்டவற்றை மின்னஞ்சலாகவும் அனுப்பிவிடுங்கள். முதல் கடிதத்தில் சட்டப் பிரிவுகளை அடுக்க வேண்டாம். அப்படி வரும் கடிதம் நேராகத் தாளாளரின் வக்கீலுக்குப் போகும். பதிலும் வக்கீல் மொழியில்தான் வரும்.

பத்து நிமிட இடம் என்பதைப் பள்ளிகள் எளிதில் ஒப்புக்கொள்ளும். ஆனால் எந்த இடம் என்று முடிவு செய்யாமல் விட்டுவிடும். ஆசிரியர் யாராவது இருக்கிற இடமாக வேண்டும்: நூலகம், முதலுதவி அறை, ஆலோசகர் அறை. மொட்டை மாடி, படிக்கட்டு, கழிப்பறை கூடாது. கேட்கும்போது வகுப்பு நடுவே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தால் பிள்ளை கேட்கவே கேட்காது. ஒரு வண்ண அட்டையை மேசை மேல் வைத்தால் போகலாம் என்று வைத்துக்கொள்வது நன்றாக வேலை செய்கிறது. போய் வரும் நேரத்தைப் பொறுப்பாளர் ஒரு நோட்டில் குறிக்கட்டும். வாரம் ஒருமுறையாக இருந்தது தினமும் மூன்று முறையானால் அதுவே ஓர் அறிகுறி.

சாதாரண நாள், மேலே போகும் நாள், கீழே இறங்கும் நாள்

திட்டத் தாளை மூன்று பகுதியாகப் பிரியுங்கள்.

சாதாரண நாட்களில் மேலே கடிதத்தில் சொன்னவை போதும். இந்த மாதங்களில் பிள்ளையை மற்றவர்களைப் போலவே நடத்தச் சொல்லுங்கள். வகுப்புத் தலைவர் பொறுப்போ போட்டியோ மறுக்கப்படக் கூடாது.

மேலே போகும் நாட்களைப் பள்ளிதான் பல நேரம் முதலில் பார்க்கும். பேச்சு வேகமாகும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். தூக்கமே இல்லாமல் வந்தாலும் களைப்பு இருக்காது. காசை, பொருட்களைத் தாராளமாகக் கொடுக்கும். ஒரே நாளில் ஐந்து போட்டிக்குப் பெயர் கொடுக்கும். பிள்ளைகளிடம் இது சிரிப்பும் கும்மாளமுமாகவே வரும் என்றில்லை. சள்ளென்று விழும் எரிச்சலாகவும் சண்டையாகவும் வரும். அதனால்தான் இது ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடிகிறது. இந்த நாட்களில் ஆசிரியர் செய்ய வேண்டியது: எல்லார் முன்னும் வாதாடாமல் இருப்பது, கட்டளையைச் சுருக்கி ஒரே வரியில் சொல்வது, ஜன்னலும் வாசலும் இல்லாத பக்கம் உட்கார வைப்பது, ஆண்டு விழா ஒத்திகையையும் கூடுதல் பொறுப்பையும் தற்காலிகமாக நிறுத்துவது, அன்றே வீட்டுக்குச் சொல்வது. இந்த நாட்களில் நடந்த தவறுக்குத் தண்டனை எதுவும் முடிவு செய்வதற்கு முன் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மற்ற பிள்ளையைக் காயப்படுத்தியிருந்தால் அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். மனநிலை அடங்கிய பிறகு அதைப் பேசினால்தான் பிள்ளைக்கு உறைக்கும்.

கீழே இறங்கும் நாட்கள் சத்தமில்லாமல் வருவதால் பள்ளி கவனிக்காது. சாப்பாட்டு டப்பா திறக்காமல் திரும்பி வரும். வயிற்றுவலி, தலைவலி என்று முதலுதவி அறைக்குப் போகும். நோட்டில் தேதி மட்டும் இருக்கும், பாடம் இருக்காது. இப்போது வேலையைக் குறைக்க வேண்டும். எண்ணிக்கையில் குறைப்பதே எளிது: பத்துக் கணக்குக்கு நாலு, இரண்டு பக்கக் கட்டுரைக்கு அரைப்பக்கம். வாய்விட்டு வாசிக்கச் சொல்வது, எழுந்து நின்று பதில் சொல்ல வைப்பது இந்த நாட்களில் வேண்டாம். வகுப்புக் குறிப்புகளை நண்பரின் நோட்டிலிருந்து படமெடுத்துக் கொடுக்கலாம். "விட்டதை எல்லாம் எழுதி முடிச்சிட்டு வா" என்ற ஒரே கட்டளையால் பிள்ளை பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிடும்.

ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது யார்? வீட்டில் இரண்டு இரவுத் தூக்கம் கெட்டால் நீங்கள் பொறுப்பாளருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது, பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே மாற்றத்தைக் கவனித்தால் அவர் உங்களுக்குச் சொல்வது என்று வைத்துக்கொண்டால் போதும். நோய் முழுதாக வெளிப்படக் காத்திருக்கத் தேவையில்லை.

மருந்தும் சென்னை வெயிலும்

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தைச் சாப்பிடும் பிள்ளைக்குத் தண்ணீர் என்பது சலுகையே இல்லை, சிகிச்சையின் பகுதி. உடலில் நீர் குறைந்தால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். கொஞ்சம் ஏறினாலே ஆபத்து, ஏனென்றால் பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. லித்தியமே தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். சிறுநீர் போக விடமாட்டார்கள் என்று தெரிந்தால் பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளும். சென்னையில் ஏப்ரலில் மட்டுமில்லை, ஜூன், ஜூலையிலும் மதிய வெயில் கடுமைதான். மதியம் மைதானத்தில் ஓட விடாமல், பி.டி. பீரியடைக் காலையில் வைக்கவோ நிழலில் வேறு வேலை தரவோ கேளுங்கள். தண்டனையாக வெயிலில் நிற்க வைப்பது எந்தப் பிள்ளைக்கும் கூடாது, இந்தப் பிள்ளைக்கு உயிர் விஷயம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல், கை பெரிதாக உதறுவது இவற்றில் எது வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிப் படுக்க வைக்கும் விஷயமில்லை. உடனே மருத்துவமனை, அடுத்த வேளை லித்தியம் மருத்துவரைக் கேட்காமல் கூடாது. முதலுதவி அறையில் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை தரவே கூடாது. லித்தியம் அளவை அது ஏற்றிவிடும். காய்ச்சல், தலைவலிக்குப் பாராசிட்டமால். விரதம் இருக்கும் குடும்பமாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். உப்பைத் திடீரென்று குறைப்பதும் அளவை ஏற்றும்.

லித்தியம் ரத்தப் பரிசோதனை, கடைசி வேளை மருந்து சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு எட்டரைக்கு மாத்திரை என்றால் காலை எட்டரைக்கு ரத்தம். அதுவரை காலை வேளை மாத்திரையும் கூடாது. அன்று பிள்ளை பள்ளிக்குத் தாமதம்தான். திட்டத்தில் இதையும் எழுதிவிடுங்கள்.

லித்தியமும், இதே நோய்க்குத் தரும் வால்புரோயேட் என்ற மருந்தும் கையில் மெல்லிய நடுக்கம் தரலாம். கையெழுத்துக்கும், வரைபடத்துக்கும், ஆய்வகத்தில் பியூரெட் பிடிப்பதற்கும் இது இடைஞ்சல். கையெழுத்துக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம் என்று கேட்கலாம், ஆய்வகத்தில் கூட ஒரு மாணவரைச் சேர்க்கச் சொல்லலாம். குவெட்டியாபின், ஓலன்சாபின் போன்ற மருந்துகள் காலைத் தூக்கமும் எடையும் தரும். "குண்டு" என்ற கேலி தொடங்கினால் பிள்ளை ரகசியமாக மாத்திரையை நிறுத்தும். எந்த மருந்தையும் திடீரென்று நிறுத்துவது நோயைத் திருப்பிக் கொண்டுவரும் நிச்சயமான வழிகளில் ஒன்று. மதிய வேளை மருந்து இருந்தால், காலை-இரவு என்று மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பள்ளியில் மாத்திரை விழுங்காமல் முடிந்தால் அதுவே எல்லாருக்கும் நிம்மதி.

தூக்கம்

இது பள்ளியைவிட வீட்டுக்கும் ட்யூஷனுக்கும் சொல்ல வேண்டியது. பதின்பருவப் பிள்ளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. இந்த நோயில் ஒரே ஓர் இரவு விழிப்புக்கூட மேலே தள்ளிவிடக்கூடும். "நாலு மணிக்கு எழுந்து படிச்சாத்தான் மண்டைல ஏறும்" என்று வளர்ந்த வீடுகளில் இதை ஒப்புக்கொள்ள வைப்பது கடினம், ஆனால் விட்டுக்கொடுக்க முடியாத இடம் இது. ஆறே முக்காலுக்கு வேன், மாலை ஸ்பெஷல் கிளாஸ், ஏழு முதல் ஒன்பது ட்யூஷன், பிறகு வீட்டுப்பாடம் என்றால் கணக்கு எப்படியும் உதைக்கும். எதையாவது வெட்ட வேண்டும். காலை ட்யூஷனும் இருந்தால், முதலில் வெட்ட வேண்டியது அதுதான். இரவு தங்கும் சுற்றுலா, என்.சி.சி. முகாம் போன்றவற்றுக்கு மருந்தைக் கொடுக்கவும் பத்து மணிக்கு விளக்கணைக்கவும் ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றால் அனுப்பலாம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது

திங்கட்கிழமை காலை முழு நாளாகத் தொடங்குவது வழக்கமான தவறு. புதன் அல்லது வியாழனில், இரண்டு மூன்று பீரியடுக்கு மட்டும் தொடங்கி, அடுத்த வாரம் மதியம் வரை, அதற்கடுத்த வாரம் முழு நாள் என்று கூட்டுங்கள். வேகத்தை மருத்துவர் சொல்லட்டும். விட்டுப்போன பாடங்களைப் பாட ஆசிரியரோடு உட்கார்ந்து மூன்றாகப் பிரியுங்கள்: அடுத்த பாடத்துக்கு அடிப்படையானது, ஒருமுறை வாசித்தால் போதும் என்பது, விட்டுவிடலாம் என்பது. விட்ட வகுப்புத் தேர்வுகளை வரிசையாக மறுபடி எழுத வைக்காமல், எழுதிய தேர்வுகளின் சராசரியை எடுக்கக் கேளுங்கள். சில பள்ளிகள் 'வரத் தகுதியானவர்' என்ற மருத்துவச் சான்றைக் கேட்கும். டிஸ்சார்ஜ் நாளிலேயே வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை முழுதாகப் பள்ளிக்குக் கொடுக்கத் தேவையில்லை.

தேர்வும் சான்றிதழும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் மனநோயும் ஒன்று. அரசு நிதி பெறும் அல்லது அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று 16ஆம் பிரிவும், கூடுதல் நேரம், மாணவர் சொல்லச் சொல்ல எழுதுபவர் போன்ற தேர்வு மாற்றங்களை 17ஆம் பிரிவும் சொல்கின்றன. குறைபாடு நாற்பது சதவீதம் இருந்தால்தான் எதுவும் கிடைக்கும் என்று பள்ளிகள் சொல்வதுண்டு. நாற்பது சதவீதம் என்பது இட ஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்கான வரம்பு. நியாயமான ஏற்பாட்டுக்கு அந்த வரம்பு தேவையில்லை என்பதை 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆனாலும் பொதுத்தேர்வில் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. மனநோயால் வரும் குறைபாட்டின் சதவீதத்தை 'ஐடியாஸ்' என்ற அளவுகோலால் பார்ப்பார்கள். தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், புரிந்துகொண்டு பேசுதல், வேலை அல்லது படிப்பு என்று நான்கு பகுதி. நோய் நீடித்த காலத்துக்கும் மதிப்பெண் உண்டு. பிள்ளை தெளிவாகப் பேசுகிற ஒரு நல்ல நாளில் போனால் குறைவாகவே வரும். எனவே வருகைப் பதிவு, மோசமான மாதங்களின் மதிப்பெண் பட்டியல், மருத்துவமனையில் சேர்த்த தாள்கள், ஆசிரியரின் குறிப்பு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு போங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பம் இணையத்தில். பிறகு அரசு மருத்துவமனையில் மதிப்பீடு.

சிபிஎஸ்இயில் சலுகை விண்ணப்பத்தைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும். ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புப் பதிவின்போதே பிள்ளையின் மாற்றுத்திறன் வகையைச் சரியாகக் குறித்தார்களா என்று பாருங்கள். பன்னிரண்டில் போய் ஓடினால் அலைச்சல். கூடுதல் நேரம் ஒரு மணிக்கு இருபது நிமிடம். மூன்று மணித் தேர்வுக்கு ஒரு மணி. வருகை 75 சதவீதம் வேண்டும். மருத்துவக் காரணத்துக்குத் தளர்வு உண்டு. ஆனால் விடுப்பு எடுத்த அந்தந்த நேரத்தில் சான்றோடு கடிதம் கொடுத்திருக்க வேண்டும். ஜனவரியில் மொத்தமாகக் கொண்டுபோனால் கேள்வி எழும். மாநிலப் பாடத்திட்டத்தில் விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். காலாண்டுத் தேர்வு முடிவதற்குள் கோப்பு பள்ளியை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் நேரம் வாங்கினால் அரையாண்டிலும் திருப்புதல் தேர்விலும் அதைப் பயன்படுத்திப் பழக வேண்டும். நான்கு மணி நேரம் உட்காருவதே சில பிள்ளைகளுக்குப் பாரம். அவர்களுக்கு நடுவே ஐந்து நிமிட இடைவெளியும் தனி அறையும்தான் பயன்.

முறையான பள்ளி முடியாமல் போகும் ஆண்டுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி ஒரு வழி. ஒருமுறை பதிந்தால் ஐந்து ஆண்டு, ஒன்பது வாய்ப்பு. பாடங்களைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். ஆனால் பிள்ளை நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும் ஏற்பாடாக அது ஆகிவிடக் கூடாது.

சாகணும் போல இருக்கு என்று சொன்னால்

எந்த ஆசிரியரிடம் பிள்ளை சொன்னாலும், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று அவர் வாக்குக் கொடுக்கக் கூடாது. பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, தனியாக வேனில் அனுப்பக் கூடாது. பெற்றோர் வரும்வரை ஒரு பெரியவர் கூடவே உட்கார வேண்டும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மருத்துவர் கிடைக்காவிட்டால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். வீட்டில் மாத்திரைகளைப் பூட்டி வைத்து, வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். இந்த வரிகளைத் திட்டத் தாளின் பின்பக்கத்தில் தனியாக எழுதிவிடுங்கள்.

பள்ளி மறுத்தால்

"டி.சி. வாங்கிக்கோங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்க" என்பதை வாயால்தான் சொல்வார்கள். எழுத்தில் கேளுங்கள், பாதிப் பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை மாணவரை வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம், 2009 சொல்கிறது. அடுத்து தாளாளருக்குக் கடிதம், பிறகு மாவட்டக் கல்வி அலுவலகம், சிபிஎஸ்இ என்றால் அதன் மண்டல அலுவலகம். அதற்கும் மேலே மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். இங்கேதான் 16, 17ஆம் பிரிவுகளை எடுத்துக் காட்ட வேண்டும். முத்திரை வாங்கிய அந்த ஜூன் மாதக் கடிதம் இப்போது கைகொடுக்கும். கல்வித்துறை உதவி எண் 14417.

ஆனால் ஒன்று: சண்டை நீளும்போது நடுவில் தினமும் அந்த வகுப்பில் போய் உட்காருவது பிள்ளை. பள்ளி மாற்றுவதே நல்லது என்று பிள்ளையும் மருத்துவரும் சொன்னால் மாற்றிவிடுங்கள். புதிய பள்ளியில் சேர்க்கைக்கு முன்பே திட்டத் தாளைக் காட்டிப் பேசுங்கள்.

அதே பள்ளியில் தொடர்ந்தாலும் வகுப்பாசிரியர் மாறுவார். பழைய திட்டம் அவரோடு போய்விடும். ஏப்ரலில் கடைசி வேலை நாளுக்கு முன் பொறுப்பாளரையும் அடுத்த ஆண்டு வகுப்பாசிரியரையும் பத்து நிமிடம் ஒன்றாக உட்கார வைத்து, இந்த ஆண்டு எது உதவியது, எது உதவவில்லை என்று தாளிலேயே திருத்தி, புதுத் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.